பிரெஞ்சின் அண்மை எதிர்காலம்: 'ழெ வே' எங்கே சரி, எங்கே சறுக்கும்?

கேட்டிருப்பது இது: "பிரெஞ்சில் அண்மை எதிர்காலத்தை எப்படி அமைப்பது? எத்தனை நாளுக்குள் நடப்பதற்கு அதைச் சொல்லலாம்? 'இல்லை' சேர்த்தாலோ 'அதை', 'அவனை' சேர்த்தாலோ சொல் வரிசை குழம்பிவிடுகிறது." இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அமைப்பு பற்றியது ஒன்று. அதற்குத் திட்டவட்டமான விதிகள் உண்டு, நூற்றுக்கு நூறு நம்பலாம். எளிய எதிர்காலம் (வினையின் முடிவை மாற்றி ஒரே சொல்லில் சொல்வது) என்று இன்னொன்று இருக்கும்போது எதை எங்கே எடுப்பது என்பது மற்றொன்று. அங்கே விதி பாதி, பேசுபவரின் மனம் பாதி. 'எத்தனை நாளுக்குள்' என்ற கேள்விக்கு விடை கிடைக்காததற்குக் காரணம், அந்த எண்ணிக்கை எங்குமே இல்லை என்பதுதான்.

எழுத்துபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. கீழே 'ழ' வரும் இடமெல்லாம் 'மழை'யின் ழகரமாகப் படிக்க வேண்டாம். 'ஷ'வைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஒலி அது. 'அலொன்', 'வொன்' போன்றவற்றில் கடைசி 'ன்' மூக்கோடு நின்றுவிடும், நாக்கு மேலண்ணத்தைத் தொடாது. 'த்யு' என்பது 'தீ' சொல்வதற்கான நாக்கோடு உதட்டைக் குவித்துச் சொல்வது.

அமைப்புக்கு வருவோம். 'அலே' என்ற வினைக்குப் 'போ' என்று பொருள். அதன் நிகழ்கால வடிவத்தை எடுத்து, பின்னால் முதன்மை வினையின் மூல வடிவத்தை அப்படியே வைத்தால் வேலை முடிந்தது. 'ழெ வே மான்ழே' என்றால் 'சாப்பிடப் போகிறேன்'. தமிழர்களுக்கு இது புதிதே இல்லை. 'சாப்பிட' என்ற செயவென் எச்சத்தோடு 'போகிறேன்' சேர்த்து நாமும் இதைத்தான் செய்கிறோம். வரிசை மட்டும் தலைகீழ். 'மழை பெய்யப் போகிறது' என்பதில் மழை எங்கும் நடந்து போவதில்லை. 'இல் வா ப்லெவ்வார்' என்பதிலும் அப்படித்தான். 'நாளைக்கு நான் போகப் போகிறேன்' என்று ஒரே வினையை இரண்டு முறை சொல்ல நமக்குக் கூச்சமில்லை. பிரெஞ்சிலும் 'ழெ வே அலே' முழுக்கச் சரி. இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளாமல் ஒரே வழியில் வந்து சேர்ந்தவை.

ஆறு வடிவங்கள்: 'ழெ வே' (நான்), 'த்யு வா' (நீ), 'இல் வா' (அவன்; 'அவள்' என்னும் எல், பேச்சில் 'நாம்' ஆகும் ஒன் இரண்டுக்கும் இதே 'வா'), 'நூஸ் அலொன்' (நாம்), 'வூஸ் அலே' (நீங்கள்), 'இல் வொன்' (அவர்கள்). எழுத்தில் கவனம் தேவை. 'வே' என்பது வி-ஏ-ஐ-எஸ். 'த்யு'வுக்கு வரும் 'வா' வி-ஏ-எஸ். 'இல்'லுக்கு வரும் 'வா' வெறும் வி-ஏ. காதுக்குக் கடைசி இரண்டும் ஒன்று, தாளில் வேறு. 'வொன்' என்பது வி-ஓ-என்-டி, கடைசி டி ஒலிக்காது. 'நூஸ்', 'வூஸ்' என்பதில் கேட்கும் 'ஸ்' உண்மையில் இஸட் ஒலி. உயிரெழுத்துக்கு முன் அதை இணைத்தே சொல்ல வேண்டும், விட்டால் தவறு. 'வே'க்கும் 'வொன்'னுக்கும் பின்னால் உயிரெழுத்து வந்தால் இணைப்பது விருப்பம். அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் இணைப்பதில்லை. இன்னொன்று, பேச்சில் 'நாம்' என்பதற்கு 'நூஸ் அலொன்' என்பதைவிட 'ஒன் வா'தான் அதிகம் காதில் விழும். 'ஒன் வா மான்ழே' என்றால் 'சாப்பிடப் போகிறோம்', 'வாங்க சாப்பிடலாம்' இரண்டும் ஆகும்.

பின்னால் வரும் வினை மாறவே மாறாது. ஆள் மாறினாலும், ஆண் பெண் மாறினாலும், ஒருமை பன்மை மாறினாலும் அது மூல வடிவிலேயே நிற்கும். நடுவில் எந்த இடைச்சொல்லும் வராது. ஸ்பானிஷ் படித்தவர்கள் 'போ'வுக்குப் பின் ஒரு 'அ' சேர்த்துப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் 'ழெ வே அ மான்ழே' என்றால் பிழை. அண்மை இறந்தகாலமான 'ழெ வியேன் தெ மான்ழே' (இப்போதுதான் சாப்பிட்டேன்) என்பதில் 'தெ' கட்டாயம் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் அந்த 'தெ'யை இங்கேயும் கொண்டுவந்து போடுகிறார்கள். அங்கே உண்டு, இங்கே இல்லை.

எழுத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை, காதை நம்பி எழுதுவதால் வருவது. 'மான்ழே' என்ற ஒலிக்கு எழுத்தில் மூன்று முகம்: இ-ஆர் முடிவில் மூல வடிவம், மேற்குறியிட்ட இ முடிவில் எச்ச வடிவம், இ-இஸட் முடிவில் 'நீங்கள் சாப்பிடுகிறீர்கள்'. அண்மை எதிர்காலத்தில் இ-ஆர் மட்டுமே. பிரெஞ்சுப் பிள்ளைகளே இதில் தடுமாறுவதால் அங்கே பள்ளியில் ஒரு சோதனை சொல்லித் தருகிறார்கள். அந்த இடத்தில் 'விற்பது' என்ற வினையைப் போட்டுப் பாருங்கள். 'ழெ வே வான்த்ர்' என்று மூல வடிவம் பொருந்துகிறது, 'ழெ வே வான்த்யு' பொருந்தவில்லை, எனவே இ-ஆர். ஒலியில் இரண்டும் தெளிவாக வேறுபடும் வினை என்பதால் இந்தச் சோதனை பொய்க்காது.

இனி மறுப்பு. 'நெ', 'பா' இரண்டும் 'போ' வினையைத்தான் அணைக்கும், பின்னால் வரும் வினையைத் தொடாது: 'ழெ நெ வே பா பார்த்தீர்', 'கிளம்பப் போவதில்லை'. தமிழிலும் 'இல்லை' ஏறுவது 'போ'வின் மேல்தான் என்பதை நினைவில் வைத்தால் போதும். பேச்சில் 'நெ' பெரும்பாலும் விழுந்துவிடும், 'ழெ வே பா பார்த்தீர்' என்றே கேட்கும், தேர்வுத்தாளில் விடாதீர்கள். 'இனிமேல் இல்லை' (ப்ல்யு), 'ஒருபோதும்' (ழாமே), 'ஒன்றும்' (ரியேன்) ஆகியவை 'பா' இருக்கும் அதே இடத்தில் வந்து உட்காரும்: 'ழெ நெ வே ரியேன் தீர்', 'ஒன்றும் சொல்லப் போவதில்லை'. 'யாரையும்' என்னும் 'பெர்ஸொன்' மட்டும் வரிசையில் நிற்காது. அது மூல வினைக்குப் பின்னால்தான் போகும்: 'ழெ நெ வே வ்வார் பெர்ஸொன்'. 'ரியேன்' நடுவில், 'பெர்ஸொன்' கடைசியில். இதற்குத் தர்க்கம் தேடாமல் இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவது லாபம்.

'அதை', 'அவனை', 'அவளுக்கு' போன்ற சிறு சொற்கள்தான் உங்களை அதிகம் குழப்பியவை என்று தெரிகிறது. பிரெஞ்சில் சாதாரண நிகழ்காலத்தில் அவை வினைக்கு முன் வரும்: 'ழெ லெ வ்வா', 'அவனைப் பார்க்கிறேன்'. அந்தப் பழக்கத்தில் 'ழெ லெ வே வ்வார்' என்று எழுதத் தோன்றும். இன்றைய பிரெஞ்சில் அது தவறு. (17-ஆம் நூற்றாண்டு நாடகங்களில் அந்த வரிசையைப் பார்த்தால் திகைக்க வேண்டாம், அன்றைக்கு அது வழக்கம்.) விதி சுருக்கமானது: அந்தச் சொல் யாருடைய செயப்படுபொருளோ அந்த வினைக்கு முன் நிற்கும். 'அவனை' என்பது பார்ப்பதற்கு உரியது, போவதற்கு உரியதல்ல. ஆகவே 'ழெ வே லெ வ்வார்'. அதேபோல் 'ழெ வே லுயி பார்லே' (அவளிடம் பேசப் போகிறேன்), 'ழெ வே ஆன் அஷ்தே' (அதில் கொஞ்சம் வாங்கப் போகிறேன்), 'ழெ வே இ அலே' (அங்கே போகப் போகிறேன்). இரண்டு சொற்கள் வந்தாலும் இரண்டும் சேர்ந்து அதே இடத்தில்: 'ழெ வே தெ லெ தொனே', 'உனக்கு அதைத் தரப் போகிறேன்'. மூல வினைகளே இரண்டு வந்தால், 'செய்விப்பது' என்ற பொருளில் வரும் 'ஃபேர்' தனக்கு முன்னால் இழுத்துக்கொள்ளும்: 'ழெ வே லெ ஃபேர் ரெபாரே', 'அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறேன்'. மறுப்பும் சேர்ந்தால் முழு வரிசை இப்படி ஓடும்: ஆள், 'நெ', போ, 'பா', சிறு சொல், மூல வினை. 'ழெ நெ வே பா லெ வ்வார்.' இந்த ஒரு வாக்கியத்தை வாய் தானாகச் சொல்லும்வரை சொல்லிப் பழகினால் மீதி எல்லாம் அதன் அச்சில் விழும்.

தன்னைக் குறிக்கும் வினைகளில் ஒரு பொறி இருக்கிறது. அகராதியில் 'ஸெ லெவே' (எழுந்திருப்பது) என்று இருப்பதைப் பார்த்து, மூல வினை மாறாது என்ற விதியையும் நம்பி, 'ழெ வே ஸெ லெவே' என்று எழுதுகிறார்கள். வினைதான் மாறாது, அந்த 'ஸெ' ஆளுக்கேற்ப மாறியே ஆக வேண்டும். 'ழெ வே மெ லெவே', 'த்யு வா தெ லெவே', 'இல் வா ஸெ லெவே', 'நூஸ் அலொன் நூ லெவே', 'வூஸ் அலே வூ லெவே', 'இல் வொன் ஸெ லெவே'.

கேள்வியாக்குவது எளிது. பேச்சில் குரலை ஏற்றினால் போதும். கொஞ்சம் பாதுகாப்பாக முன்னால் 'எஸ்க' போடலாம். எழுத்தில் வினையையும் ஆளையும் இடம் மாற்றினால் 'வா-த்யு பார்த்தீர்?'. 'இல்', 'எல்', 'ஒன்' வரும்போது மட்டும் இரண்டு உயிரொலி மோதாமலிருக்க நடுவில் ஒரு டி நுழையும்: 'வா-தில் பார்த்தீர்?'. ஆனால் 'இல் வா அவ்வார்' என்பதில் இரண்டு அகரம் மோதினாலும் டி நுழையாது. அங்கே இடமாற்றமே நடக்கவில்லையே.

இப்போது கடினமான பாதி. பாடப்புத்தகங்கள் அண்மை எதிர்காலம் சீக்கிரம் நடப்பதற்கு, எளிய எதிர்காலம் தள்ளி நடப்பதற்கு என்று பிரிக்கும். தொடக்கத்தில் உதவும், நெடுநாள் நம்பினால் கைவிடும். பத்து வருடம் கழித்து நடப்பதையும் 'ழெ வே' கொண்டு சொல்லலாம், அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பதையும் எளிய எதிர்காலத்தில் சொல்லலாம். உண்மையில் பார்க்க வேண்டியது, அந்தச் செயலின் வேர் இப்போதே இருக்கிறதா என்பது. 'எல் வா அவ்வார் அன் பெபே' என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'எல் ஓரா அன் பெபே' என்று எளிய எதிர்காலத்தில் சொன்னால், என்றாவது ஒரு நாள் குழந்தை பிறக்கும் என்று ஒரு கணிப்பு. ஏணியில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 'த்யு வா தொன்பே!' என்றுதான் கத்த முடியும். அங்கே 'த்யு தொன்ப்ரா' என்றால் சோதிடம் சொல்வதுபோல் இருக்கும். தமிழிலும் 'விழப் போறே!' என்பதற்கும் 'விழுவாய்' என்பதற்கும் அதே தூரம். எனவே சந்தேகம் வந்தால் மணிக்கணக்குப் பார்ப்பதைவிட, தமிழில் '-ப் போகிறேன்' இயல்பாக வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது பெரும்பாலும் சரியான இடத்தில் கொண்டு விடும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். தமிழ் காலைவாரும் இடங்களும் உண்டு. முதலாவது நம்முடைய '-வேன்'. 'காலையில் ஆறு மணிக்கு எழுவேன்' என்பது நமக்குப் பழக்கத்தையும் சொல்லும். பிரெஞ்சில் பழக்கத்துக்கு நிகழ்காலம்தான். எந்த எதிர்காலத்தையும் போட்டால் 'நாளையிலிருந்து' என்ற பொருள் வந்துவிடும். இரண்டாவது, அந்த நொடியில் எடுக்கும் முடிவு. அழைப்புமணி அடித்தால் நாம் 'நான் திறக்கிறேன்' என்போம். பிரெஞ்சில் 'ழெ வே உவ்ரீர்' என்பது இயல்பு. உணவகத்தில் நாம் 'எனக்கு ஒரு காபி' என்று நிறுத்திக்கொள்வோம். அங்கே 'ழெ வே ப்ரான்த்ர் அன் கஃபே' என்பது வழக்கமான, மரியாதையான வாக்கியம். விடைபெறும்போது நாம் 'போயிட்டு வரேன்' என்பதன் இடத்தில் அவர்கள் 'பொன், ழெ வே இ அலே' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'சரி, அங்கே போகப் போகிறேன்' என்றாலும், எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது, 'ஆல்', 'போது' வாக்கியங்கள். 'மழை பெய்தால்' என்ற நிபந்தனையில் 'ஸி'க்குப் பின் நிகழ்காலம் மட்டுமே, எதிர்காலம் எதுவும் கூடாது. தமிழில் 'பெய்யப் போனால்' என்று யாரும் சொல்வதில்லை என்பதால் இது நமக்கு அதிகம் சறுக்காது. ஆனால் அதே 'ஸி' சில நேரம் 'வருவானா என்று' என்ற ஐயப் பொருளிலும் வரும். அப்போது எதிர்காலம் தாராளமாக வரலாம்: 'ழெ நெ ஸே பா ஸில் வா வெனீர்', 'வரப்போகிறானா என்று தெரியவில்லை'. 'கான்' (எப்போது, போது) நேர்மாறு. 'நீ வரும்போது கூப்பிடுகிறேன்' என்பதில் 'வரும்போது' நமக்குக் காலம் காட்டாத வடிவம். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சில் நிகழ்காலத்தைப் போட்டுவிடுகிறோம். எழுத்து வழக்கு 'கான் த்யு ஆரிவ்ரா' என்று எளிய எதிர்காலத்தையே கேட்கும். பேச்சில் சிலர், கனடாவின் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கில் பலர், இங்கேயும் 'வா' போடுகிறார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

நான்காவது, 'இரண்டு மணி நேரத்தில்'. 'இரண்டு மணி நேரத்தில் முடிக்கப் போகிறேன்' என்றால் இரண்டு மணி நேரம் கழித்தா, இரண்டு மணி நேரம் செலவழித்தா? தமிழ் இரண்டையும் ஒரே உருபில் அடக்கிவிடும், பிரெஞ்சு விடாது. 'தான் தெஸ் எர்' என்றால் இப்போதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து; 'ஆன் தெஸ் எர்' என்றால் அவ்வளவு நேரம் பிடிக்கும். அண்மை எதிர்காலத்தோடு காலச்சொல் சேர்க்கும்போது தமிழர்கள் செய்யும் பிழைகளில் இதைத்தான் முதலில் திருத்திக்கொள்ளச் சொல்வேன். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் மாறிப்போகும், எதிரிலிருப்பவருக்கு அது பிழை என்றே தெரியாது.

ஐந்தாவது, இறந்தகாலத்தில் நின்று பார்க்கும் எதிர்காலம். 'கிளம்பப் போனேன், மழை பிடித்துக்கொண்டது' என்று நாம் சாதாரண இறந்தகாலத்தில் சொல்வோம். பிரெஞ்சில் இதற்குத் தொடர் இறந்தகாலமான 'எம்பார்ஃபே' மட்டுமே: 'ழாலே பார்த்தீர்'. யாராவது தொலைபேசியில் கூப்பிட்டதும் 'நானே கூப்பிடலாம்னு இருந்தேன்' என்பதற்கு 'ழாலே தாப்லே'. இங்கே கூட்டு இறந்தகாலத்தைப் போட்டு 'ழெ ஸுயி அலே வ்வார்' என்றால் பொருள் முற்றிலும் மாறி, 'போய்ப் பார்த்தேன்' என்று உண்மையாகவே நடந்து போய் வந்த கதை ஆகிவிடும். எதிர்காலப் பொருளில் 'அலே' வருவது நிகழ்காலத்திலும் எம்பார்ஃபேயிலும் மட்டும்தான்.

எளிய எதிர்காலம் எங்கே வெல்லும்? வாக்குறுதி, பொதுவான கணிப்பு, வானிலை அறிக்கை, அதிகாரபூர்வ அறிவிப்பு, கதை நடை ஆகியவற்றில். 'ஒருநாள் புரிந்துகொள்வாய்' என்ற தொனிக்கும் அதுவே. இவை போக்குகள், மீறினால் பிழை என்று யாரும் சிவப்பு மை போட முடியாது. இரண்டையும் ஒரே பத்தியில் கலப்பதும் இயல்பே: திட்டத்தை 'ஒன் வா' என்று தொடங்கி வைத்துவிட்டு, விவரங்களை எளிய எதிர்காலத்தில் அடுக்கிக்கொண்டு போவார்கள். பேருந்து நேரம், பயணச்சீட்டு போல ஏற்கெனவே முடிவானதற்கு இரண்டுமே வேண்டாம்; 'ழெ பார் தெமேன்' என்று நிகழ்காலமே போதும், 'நாளைக்குப் போகிறேன்' என்று நாம் சொல்வதுபோல.

கியூபெக் பேச்சில் நிலை வேறு. அங்கே மறுப்பில்லாத வாக்கியங்களில் அண்மை எதிர்காலம் ஏறக்குறைய முழு இடத்தையும் பிடித்துவிட்டது. மறுப்பு வந்தால் மட்டும் எளிய எதிர்காலம் பிடிவாதமாக நிற்கிறது. 'ழெ வே' என்பதற்குப் பதிலாக 'மா' என்று ஒற்றை அசை கேட்டால் அதுவும் இதே வடிவம்தான்.

ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவின் முதல் படியான ஏ1 நிலையிலேயே இதைக் கற்றுத் தருகிறார்கள், எளிய எதிர்காலம் பெரும்பாலும் அடுத்த படியான ஏ2-இல் வருகிறது. 'ஸெர்', 'ஓர்', 'ஃபெர்', 'வியேன்த்ர்' என்று ஒழுங்கற்ற அடிகளைப் பார்த்ததும் பலர் 'ழெ வே'யிலேயே தங்கிவிடுகிறார்கள். பேசிப் பிழைக்க அது போதும், வாசிக்கப் போதாது. தப்பிப்பதற்காகத் தங்குபவர்கள், முடிவில் ஏறும் 'ஏ, ஆ, ஆ, ஒன், ஏ, ஒன்' என்ற ஒலிகள் 'வைத்திரு' என்னும் 'அவ்வார்' வினையின் நிகழ்காலத்திலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். லத்தீனில் மூல வினைக்குப் பின் 'வைத்திருக்கிறேன்' என்று சேர்த்துச் சொன்னது ஒட்டிப்போய் ஒரே சொல்லானதுதான் அது. அதாவது இன்றைய எளிய எதிர்காலமும் ஒரு காலத்தில் இரட்டைச் சொல்லாகத்தான் இருந்தது. பக்கத்து மொழியான கட்டலானில் இதே 'போ' வினையும் மூல வினையும் சேர்ந்தால் இறந்தகாலம் வருகிறது என்பதும் கூடவே தெரிந்திருக்கட்டும். பார்சிலோனாவில் பிரெஞ்சை நம்பி ஊகித்தால் போனது வருவதாகத் தெரியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருப்பது ஒன்று. 'ழெ வே ஷெர்ஷே லெ பேன்' என்றால் 'ரொட்டி வாங்கி வரப் போகிறேன்' என்ற எதிர்காலமா, 'ரொட்டி வாங்கிவர இதோ நடக்கிறேன்' என்ற நிகழ்காலமா? தனி வாக்கியத்தை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூழல் இருந்தால் 'அலே'வை வேறு காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'ழிரே ஷெர்ஷே லெ பேன்' என்று எளிய எதிர்காலத்துக்கு மாற்றியும் நீங்கள் சொல்ல வந்தது அப்படியே நின்றால், 'அலே' அங்கே கால் வைத்து நடக்கிறது. 'இல் வா ப்லெவ்வார்' என்பதை 'இல் இரா ப்லெவ்வார்' என்று மாற்றினால் வாக்கியமே உடைந்துவிடும். அங்கே 'அலே' வெறும் துணைவினை.